சுங்கை சிப்புட்டிலிருந்து மிக்சிங் தொழில் செய்வது எப்படி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் ஸ்டூடியோவைத் தேடி வரும் வேலை எது என்று முதலில் பார்க்க வேண்டும். தைப்பூசத்துக்கு உருமி மேளக் குழுவின் பாட்டு, ஆடி மாதத்துக்கு அம்மன் பாடல், கல்யாணத்துக்கு மணமக்கள் பெயர் வைத்த பாட்டு, பள்ளி முடித்த பையன்களின் ராப். கோலாலம்பூரில் பதிவுக்கு ஒருவர், மிக்ஸுக்கு ஒருவர், தயாரிப்புக்கு ஒருவர் இருப்பார்கள். இங்கே மூன்றும் ஒரே ஆளின் தலையில் விழும். அதனால் மிக்சிங் மட்டும் கற்றால் போதும் என்று இறங்குகிறவர் ஆறு மாதத்தில் சோர்ந்துவிடுவார். சரியாகப் பதியாத தவிலை எந்த பிளக்-இன்னாலும், அதாவது ஒலியைத் திருத்தும் துணை மென்பொருளாலும், காப்பாற்ற முடியாது. இந்தக் குறிப்பில் பதிவுக்கு அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

தயாரிப்பாளர் என்ற சொல்லால் வரும் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். சினிமாவில் தயாரிப்பாளர் பணம் போடுகிறவர். இசையில் அந்த வேலை வேறு. பாட்டு எந்தச் சுருதியில் நிற்க வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும், பல்லவி எத்தனை முறை வர வேண்டும், திரும்பத் திரும்பப் பதிந்தவற்றில் எந்த டேக்கை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்கிறவர்தான் இசைத் தயாரிப்பாளர். பதிந்து வந்த தடங்களைச் சமன்படுத்தி ஒரே பாட்டாக்குகிறவர் மிக்சிங் இன்ஜினியர். இரண்டுக்கும் தனித்தனிக் கூலி உண்டு. ஒரே ஆள் செய்தாலும் பில்லில் இரண்டு வரியாக எழுதுங்கள்.

முதலில் அறை. தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் மிஞ்சிக் கிடப்பது பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அறை. உயரமும் 10 அடி என்றால் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. 10 அடி இடைவெளியில் ஒலி அலை 56 ஹெர்ட்ஸ் பக்கம் எதிரொலித்துத் தேங்கும். அகலமும் உயரமும் ஒரே அளவு என்பதால் அந்தத் தேக்கம் இரட்டிப்பாகும். உட்காருகிற இடத்தைப் பொறுத்து கிக் டிரம் ஒரு மூலையில் இடிக்கும், இன்னொரு இடத்தில் காணாமல் போகும். அதை நம்பி பேஸைக் குறைத்தால் வெளியே பாட்டு சன்னமாகக் கேட்கும். முட்டை அட்டையை ஒட்டுவதால் இதற்குப் பயனில்லை, ஒரு அங்குல ஃபோமும் அப்படித்தான். அவை உச்சத்து ஒலியை மட்டும் தின்றுவிட்டு அடி ஒலியை அப்படியே விடும். அறை மூடிய பானை மாதிரி மந்தமாகிவிடும்.

4 அங்குலத் தடிப்புள்ள ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பலகைகள் வாங்குங்கள். 2 அடிக்கு 4 அடி மரச்சட்டத்தில் வைத்து, பருத்தித் துணியால் இழுத்து மூடுங்கள். நார் பறக்காதபடி பின்பக்கத்தையும் துணியால் அடைக்க வேண்டும். சட்டம் செய்யும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். எட்டுப் பலகை போதும். நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று, ஸ்பீக்கர் ஒலி முதலில் மோதும் இடது வலது சுவர்களுக்கு ஒவ்வொன்று, தலைக்கு மேல் ஒன்று, முதுகுக்குப் பின்னால் ஒன்று. சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி மாட்டினால் அதே பலகை இன்னும் கீழ் ஒலி வரை பிடிக்கும். மேசையை 10 அடிச் சுவரைப் பார்த்துப் போட்டு, 12 அடி நீளத்தில் முன் சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி உட்காருங்கள். சரி நடுவில் உட்காராதீர்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் உங்கள் தலைக்கும் இடையே சமபக்க முக்கோணம் அமைய வேண்டும். ஸ்பீக்கரில் உச்ச ஒலி தரும் ட்வீட்டர் காதுக்கு நேராக இருக்கட்டும்.

தகரக் கூரை வீடு என்றால் மழை வந்ததும் பதிவை நிறுத்த வேண்டியதுதான். சாயங்கால மழை, கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் பாங்கு, மோட்டார் சைக்கிள் என்று மாலை முழுக்கச் சத்தம் இருக்கும். குரல் பதிவை காலை 9 முதல் 12 வரையோ, இரவு 9-க்குப் பிறகோ வையுங்கள். மிக்சிங்கை மழை நேரத்துக்கு ஒதுக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். மழைச் சத்தத்தில் காது தன்னை அறியாமல் உச்ச ஒலியைக் கூட்டச் சொல்லும். அந்த நேரத்தில் டேக்குகளை வெட்டி ஒட்டுங்கள், கோப்புகளுக்குப் பெயர் வையுங்கள், பில் எழுதுங்கள்.

அடுத்தது மின்சாரம். பழைய லயத்து வீடுகளையும் பழைய கடை வீடுகளையும் நம்பிவிட வேண்டாம்; எர்த் சரியாக இருக்கிறதா என்று எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேனை வைத்துச் சோதியுங்கள். எர்த் கோளாறு இருந்தால் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150-லும் ரீங்காரம் வரும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தில் இணைவதால் வருவது. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுங்கள், ஸ்பீக்கருக்கு இரைச்சலை ரத்து செய்யும் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். ரீங்காரம் போக வேண்டும் என்று பிளக்கின் எர்த் முள்ளை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிருக்கு ஆபத்து. பாடகரின் உதடு மைக்கைத் தொடுகிறது என்பதை மறக்கக் கூடாது. இடி இடிக்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கைப் பிடுங்குங்கள், இன்டர்நெட் மோடத்தின் கம்பியையும் சேர்த்து. பேராக்கில் இடியால் கருவி போவது அபூர்வமான சங்கதி இல்லை.

நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்குக்கு இன்னொரு எதிரி ஈரப்பதம். மைக்கில் ஒலியைப் பிடிக்கும் காப்ஸ்யூலில் ஈரம் படிந்தால் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போலப் பொரியும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். உள்ளே ஒரு சிறிய ஈரமானியும் போட்டு 40-லிருந்து 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம்.

கருவி வாங்கும் வரிசையில் பலர் தவறுகிறார்கள். முதல் காசில் விலை உயர்ந்த மைக் வாங்கி, கேட்பதற்கு கணினி ஸ்பீக்கரை வைத்திருப்பார்கள். சரியான வரிசை இது: அறைப் பலகைகள், 5 அங்குல மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, காதை முழுக்க மூடும் ஹெட்போன் இரண்டு, மைக்கைக் கணினியோடு இணைக்கும் எட்டு மைக் உள்ளீடுள்ள இன்டர்ஃபேஸ், ஷூர் எஸ்.எம். 57 மாதிரியான, உரத்த ஒலியைத் தாங்கும் டைனமிக் மைக் நான்கு, கடைசியில் நல்ல கண்டென்சர் ஒன்று. இரண்டு உள்ளீட்டு இன்டர்ஃபேஸ் மலிவுதான். ஆனால் உருமி மேளம் வாசலில் வந்து நிற்கும் நாளில் கைகட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். பதியவும் மிக்ஸ் செய்யவும் வேண்டிய மென்பொருளுக்கு ரீப்பர் போதுமானது. தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர், அதற்கு முன் 60 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்கலாம். திருட்டு பிளக்-இன் வேண்டவே வேண்டாம். வாடிக்கையாளர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது கணினியை முடக்கும்.

இனி மேளம். உருமி மேளக் குழுவை 10 அடி அறைக்குள் அடைத்தால் எல்லாம் ஒரே இரைச்சலாகக் குழையும். கோயில் மண்டபமோ பள்ளி மண்டபமோ வாடகைக்கு எடுத்து, லேப்டாப்பையும் இன்டர்ஃபேஸையும் அங்கே கொண்டுபோவதே நல்லது. வாத்தியக்காரர்களை அரைவட்டமாக நிறுத்துங்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாவிட்டால் தாளம் கலையும். மைக்குகளுக்கு மூன்றுக்கு ஒன்று விதி: ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து ஒரு அடி தூரத்தில் இருந்தால், பக்கத்து மைக் அதிலிருந்து குறைந்தது மூன்று அடி தள்ளி இருக்க வேண்டும்.

தவிலுக்கு இரண்டு மைக். வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், விரல் கூடுகள் தட்டும் ஒலி கூர்மையானது. மைக்கைத் தோலின் நடுவுக்கு நேராக வைத்தால் காதைக் குத்தும். விளிம்பைப் பார்த்துச் சற்றுச் சாய்த்து, 20 சென்டிமீட்டர் தூரத்தில் வையுங்கள். தொப்பி எனும் இடப்பக்கம் குச்சி வீச்சுக்கு இடம் விட்டு 25 சென்டிமீட்டர். இப்போது இரண்டு தடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். குச்சி அடி தனியாகக் கேட்கும்போது கனமாகவும், சேர்த்துக் கேட்கும்போது வெறும் தகர டப்பா போலவும் இருந்தால் இரண்டு மைக்கும் ஒன்றை ஒன்று அழிக்கின்றன. ஒரு தோல் உள்ளே போகும்போது மறு தோல் வெளியே தள்ளப்படுவதால் வரும் கோளாறு இது. ஒரு தடத்தின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல்கீழ் திசையை, திருப்பும் பொத்தானை அழுத்துங்கள். அடி திரும்பி வரும். பதிவு செய்யும் அன்றே இதைப் பார்த்துவிட வேண்டும்.

உருமியில் உயிர் இருப்பது தேய்க்கும் பக்கத்தில். வளைந்த குச்சி தோலில் உரசும்போது வரும் அந்த முனகலுக்கு ஒரு டைனமிக் மைக்கை 25 சென்டிமீட்டரில் வையுங்கள். அடிக்கும் பக்கத்துக்கு இன்னொன்று. உள்ளீடு குறைந்தால் அடிக்கும் பக்கத்து மைக்கைத் தியாகம் செய்யுங்கள், தேய்க்கும் பக்கத்தை ஒருபோதும் விடாதீர்கள். அது இல்லாவிட்டால் அது உருமியே இல்லை. கடைசியாகக் கண்டென்சர் மைக்கை அரைவட்டத்தின் முன்னால், எட்டு அடி தூரத்தில், தலைக்கு மேல் உயரத்தில் நிறுத்தினால் மண்டபத்தின் காற்றும் பதிவாகும்.

மென்பொருளில் பதிவு அளவு: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். சத்தம் சராசரியாக மைனஸ் 18 டெசிபெலில் நிற்கட்டும், உச்சம் மைனஸ் 8-ஐத் தாண்டக் கூடாது. சோதிக்கும்போது வாத்தியக்காரர்கள் மெதுவாகத்தான் வாசிப்பார்கள், பாட்டு சூடேறியதும் 6 டெசிபெல் கூடிவிடும். முதலிலேயே அதற்கு இடம் விடுங்கள். உருமி மேளத்தைக் ஒரே வேகத்தில் தட்டும் கிளிக் ஓசைக்குக் கட்டிப்போடாதீர்கள். நிமிடத்துக்கு 100 தாள அடியில் தொடங்கி 112-இல் முடிவது அந்த மேளத்தின் இயல்பு, சாமி வருவதே அந்த ஏற்றத்தில்தான். அவர்கள் வாசித்ததைப் பதிந்துவிட்டு, மென்பொருளின் டெம்போ வரைபடத்தை அவர்களுக்கு ஏற்ப வளையுங்கள்.

நாதஸ்வரம் சேர்ந்தால் சுருதியை முதலில் தீர்க்க வேண்டும். கீபோர்டு 440 ஹெர்ட்ஸ் கணக்கில் நிற்கும், நாதஸ்வரம் தன் சுருதியில்தான் நிற்கும். ஊத ஊதச் சூடேறிச் சற்று மேலேயும் போகும். வித்வானைப் பத்து நிமிடம் ஊதவிட்டு, பிறகு ஆதார சட்ஜத்தை ட்யூனரில் பாருங்கள். எத்தனை சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகியிருக்கிறதோ அத்தனையும் கீபோர்டின் மாஸ்டர் ட்யூனில் மாற்றுங்கள். வாத்தியம்தான் ராஜா, கீபோர்டு பின்னால் வரட்டும். பிறகு சுருதி திருத்தும் ஆட்டோட்யூனில் நாதஸ்வரத்தை இழுத்தால் கமகம் முழுக்கச் செத்துப்போகும்.

குரலுக்கு வருவோம். மைக்கிலிருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர், நடுவில் மூச்சுக் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டர். ஃபோமை எல்லோரும் மைக்கின் பின்னால் வைக்கிறார்கள். முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக் பார்ப்பது பாடகரையும் அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். ஆகவே தடித்த கம்பளியைப் பாடகரின் பின்னால் தொங்கவிடுங்கள். ஏர்கானையும் காற்றாடியையும் டேக் ஓடும்போது அணைத்துவிடுங்கள். அறை வேகமாகச் சூடாகும், 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி வெந்நீர் கொடுங்கள். மென்பொருள் ஒலியைத் தேக்கி அனுப்பும் அளவான பஃபரை 128-இல் வைத்தால் தன் குரல் தாமதமாகக் கேட்கிறது என்று பாடகர் குறை சொல்ல மாட்டார். முழுப் பாட்டை நான்கு முறை பாடவிட்டு, வரி வரியாகச் சிறந்ததைக் கோர்த்துக்கொள்ளுங்கள். பத்தாவது டேக்கில் சுருதி சரியாகியிருக்கும், பக்தி போயிருக்கும்.

மிக்ஸ் தொடங்கும்போது முதல் அரை மணி நேரம் எந்த பிளக்-இன்னும் போடாமல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை மட்டும் நகர்த்துங்கள், மோனோவில் (இடமும் வலமும் ஒன்றாக). அந்த நிலையிலேயே பாட்டு புரிய வேண்டும். பிறகு குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். சின்ன அறையில் பாடிய குரல் 250-லிருந்து 400 வரை அடைத்துக்கொண்டிருக்கும், அங்கே 2 அல்லது 3 டெசிபெல் இறக்குங்கள். உரத்த இடங்களை அடக்கும் கம்ப்ரஸர் மூன்றுக்கு ஒன்று, அட்டாக் 10 மில்லிசெகண்ட், ரிலீஸ் 80, ஊசி 3 முதல் 5 டெசிபெல் வரை ஆடட்டும். 'ச', 'ஸ' சீறினால் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் டி-எஸ்ஸர்.

தமிழ்ப் பாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று எந்த ஆங்கில வீடியோவிலும் கிடைக்காது. நம் சொற்கள் பலவும் குற்றியலுகரத்தில் முடிகின்றன: வந்து, கேட்டு, விளக்கு, காற்று. பாடகர் கடைசி 'உ'வை மெல்ல விட்டுவிடுவார், அந்த நொடியில் தவில் அடி வந்து விழும். கேட்கிறவருக்கு 'விளக்' என்று மட்டும் போய்ச்சேரும். கம்ப்ரஸரைக் கூட்டினால் மூச்சுச் சத்தமும் சேர்ந்து எழும். இடத்துக்கு இடம் சத்தத்தை மாற்ற உதவும் ஆட்டோமேஷன் கோட்டைத் திறந்து, சொல்லின் கடைசி அசையை மட்டும் 1.5 அல்லது 2 டெசிபெல் தூக்குங்கள். ஒரு பாட்டுக்கு முப்பது நாற்பது இடம் வரும், ஒரு மணி நேர வேலை. பாடல் எழுதியவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை அது. ரிவெர்பில் 30 மில்லிசெகண்ட் முன்தாமதம் வைத்தால் சொல் முதலில் தெளிவாக விழும், எதிரொலி பிறகு வரும். ஒலியைத் திரும்பச் சொல்லும் டிலேயின் நேரத்துக்கு 60,000-ஐ வேகத்தால் வகுங்கள்: நிமிடத்துக்கு 96 அடி என்றால் ஒரு அடி 625 மில்லிசெகண்ட், அரை அடி 312.5.

உருமியின் முனகலும் சிந்தசைஸர் பேஸும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளும். இரண்டையும் தூக்கினால் இரண்டும் கேட்காது. உருமி முனகும் இடங்களில் பேஸை ஓர் ஆக்டேவ் கீழே இறக்குங்கள், அல்லது அங்கே பேஸையே நிறுத்துங்கள். உருமிப் பாட்டில் விட்டுக்கொடுக்க வேண்டியது பேஸ்.

75 டெசிபெல் அளவில் கேட்டு வேலை செய்யுங்கள், மணிக்கு பத்து நிமிடம் காதுக்கு ஓய்வு. முடிந்ததும் மூன்று இடத்தில் சோதனை: கைப்பேசி, மைவி கார், கோயில் கூம்பு ஒலிபெருக்கி. மூன்றாவதுக்குக் கோயிலுக்கு ஓட வேண்டாம். மொத்த ஒலியும் போகும் மாஸ்டர் தடத்தில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டி மோனோவாக்கிக் கேளுங்கள். அதில் சொல் புரிந்து தாளம் நின்றால் ஊர்வலத்திலும் நிற்கும். ஸ்டீரியோவில் அகலமாக விரித்த கோரஸ் மோனோவில் மறைந்தால், விரித்த அளவு அதிகம். சோதித்த பிறகு அந்த ஃபில்டரை எடுக்க மறந்து அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

சத்தப் போட்டியில் இறங்காதீர்கள். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் எல்.யூ.எஃப்.எஸ். என்ற சராசரிச் சத்த அளவில் மைனஸ் 14-க்கு மேலுள்ள பாட்டைத் தானே இறக்கிவிடும். நசுக்கி மைனஸ் 7-க்குக் கொண்டுபோனால் தவில் அடியின் முனை மட்டும் மழுங்கிப்போகும், சத்தத்தில் லாபம் இல்லை. உண்மை உச்சம் (ட்ரூ பீக்) மைனஸ் 1 டெசிபெலைத் தாண்ட வேண்டாம். ஒப்படைக்கும்போது முழு மிக்ஸ், குரல் 1 டெசிபெல் கூட்டியது, குரல் இல்லாதது, குரல் மட்டும் எனத் தரம் குறையாத நான்கு வேவ் கோப்புகள். மேடையில் பாட குரல் இல்லாத கோப்பைக் கேட்டு இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசி வரும், அப்போது பழைய ப்ராஜெக்டைத் திறந்து தவிப்பதைவிட இது சுலபம்.

கூலியை அடுத்தவரைப் பார்த்து வைக்காதீர்கள், கணக்குப் போடுங்கள். மாதம் கையில் 3,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) நிற்க வேண்டும், மின்சாரம், இன்டர்நெட், கருவித் தேய்மானம் 900 வெள்ளி, கூலி கிடைக்கும் நேரம் 100 மணி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 39 வெள்ளி. ஒரு பாட்டுக்குப் பதிவு 6 மணி, மிக்ஸ் 8, திருத்தம் 3 என்றால் 17 மணி, 663 வெள்ளி. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். பாதி முன்பணம், மீதி வந்த பிறகே வேவ் கோப்பு, அதுவரை எம்பி3. இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து மணிக்கணக்கு. சொந்தக்காரர் பிள்ளை என்றால் கூலியைக் குறைக்கலாம், காகிதத்தைக் குறைக்க வேண்டாம்.

காகிதம் ஏன் என்றால், மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொல்லிச் செய்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே போய்விடும். நீங்கள் மெட்டும் போட்டிருந்தால் அதை எழுத்தில் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். மெட்டு யார், வரிகள் யார், எத்தனை சதவீதம் என்று பதிவு நாளிலேயே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். மெட்டோ வரியோ உங்களுடையது என்றால் இசைப் படைப்பாளிகளுக்கு உரிமத் தொகை வசூலிக்கும் எம்.ஏ.சி.பி. அமைப்பில் உறுப்பினராகுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்தெண் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. என்ற அனைத்துலகப் பதிவு அடையாளக் குறியீடு தேவை. ஆன்லைன் விநியோகஸ்தர் பெரும்பாலும் அதைக் கொடுத்துவிடுவார். ரீமிக்ஸ் செய்தால் புதுக் குறியீடு வேண்டும்.

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதியுங்கள். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. வருமான வரிக்கு பி பாரம், ஜூன் 30-க்குள். கருவி வாங்கிய ரசீதுகளை படமெடுத்து வையுங்கள், வெப்பத்தில் அந்தத் தாளில் எழுத்தே மறைந்துவிடும்.

முறையாகப் படிக்க வேண்டுமானால் தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை இருக்கிறது. அதற்கு வழியில்லாதவர்கள் ஊர் ஒலிபெருக்கிக்காரரிடம் ஒரு வருடம் கேபிள் சுற்றுங்கள். விசில் அடிக்கும் மைக்கை நிறுத்தக் கற்ற காது மிக்சிங்கிலும் உதவும். நல்ல தமிழ்ப் பதிவுகளைக் கேட்கும்போது பின்னால் இருந்த இன்ஜினியர் பெயரைத் தேடிப் படியுங்கள். ஏ.ஆர். ரகுமானின் பல பதிவுகளுக்குப் பின்னால் 2008-இல் காலமான எச். ஸ்ரீதரின் காது இருந்தது. அந்தப் பதிவுகளில் ஒன்றை எடுத்து உங்கள் மிக்ஸோடு ஒரே சத்த அளவில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அதைவிட நல்ல வாத்தியார் கிடைப்பது கஷ்டம்.

கடைசியாக நாட்காட்டி. தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். பாட்டு அதற்கு மூன்று வாரம் முன்னால் வெளிவந்தால்தான் குழுக்கள் கேட்டுப் பழகும். ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்குப் பரிந்துரைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே பாட்டு ஏறியிருக்க வேண்டும், விநியோகஸ்தருக்கு இன்னொரு வாரம். ஜனவரிக் கடைசியில் பூசம் என்றால் டிசம்பர் நடுவில் மாஸ்டர், அதாவது முடிந்த கோப்பு, கையில் வேண்டும், குரல் டிசம்பர் முதல் வாரம், மேளம் நவம்பரில். ஆனால் அதற்கு முன் அக்டோபரில் உங்கள் அறை தீபாவளிப் பாட்டுகளின் திருத்தத்தில் மூழ்கியிருக்கும், அக்டோபர், நவம்பரில் மழையும் அதிகம். ஆகவே மண்டபத்தையும் மேளக் குழுவையும் செப்டம்பரிலேயே பிடித்து, முன்பணம் வாங்கி, தேதியைச் சுவரில் எழுதிவிடுங்கள்.